காக்கிச் சட்டையைப் பார்த்தால் சிறுவர்கள் திருந்துவார்களா?

மீஞ்சூரான்: பள்ளிக்குள் காக்கிச் சட்டை நுழைந்தாலே பாதிப் பிள்ளைகள் திருந்திவிடுவார்கள் என்று ‘ஓய்வுபெற்ற ஏட்டு’ நேற்று இங்கே எழுதியதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. சிறார் நீதிச் சட்டத்துக்கான 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகளில் 86ஆம் விதியைப் புரட்டுங்கள். சிறாரிடம் பேசும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற ஏட்டு: ‘இயன்றவரை’ என்று அதே விதியில் இருப்பதை வசதியாக விழுங்கிவிட்டீர்களே, ஐயா. ரோந்திலிருந்து நேராக வருபவர் வீட்டுக்குப் போய் வேட்டி கட்டிக்கொண்டு வர வேண்டுமா? பள்ளிப் பிள்ளைகளை நல்வழிப்படுத்தக் காவல்துறை நடத்தும் சிற்பி திட்டம் 2022இல் சென்னையின் 100 பள்ளிகளில் தொடங்கியபோது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் காக்கியைக் கண்டு ஓடிவிடவில்லை.

மீஞ்சூரான்: ஓடவில்லை என்பதும் திருந்தினார்கள் என்பதும் ஒன்றா? பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவு, குழந்தையின் வாக்குமூலத்தைப் பதியும் அலுவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது. அங்கே சீருடைக்கு ‘இயன்றவரை’ கிடையாது.

ஓய்வுபெற்ற ஏட்டு: அது பாதிக்கப்பட்ட குழந்தையின் வாக்குமூலம், நான் எழுதியது பள்ளி வகுப்பைப் பற்றி. முன்பு இங்கே நடந்த தலைக்கவச விவாதத்திலும் இப்படித்தான் வெவ்வேறான இரண்டைப் போட்டுக் குழப்பினீர்கள்.

வியாசர்பாடிக்காரி: எங்கள் பகுதியில் பிள்ளைகள் விளையாடவும் படிக்கவும் காவல்துறை நடத்தும் சிறார் மன்றத்துக்கு வரும் பெண் காவலர், தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகுதான் கேரம் பலகையின் முன் உட்காருவார். கஞ்சாப் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லித் தெருவில் ஓர் அண்ணன் மிரட்டுவதை, ஒரு பையன் ‘ஸ்ட்ரைக்கரை’ உருட்டிக்கொண்டே அவரிடம் சொன்னான். வீட்டில்கூட அவன் அதுவரை வாய் திறக்கவில்லை.

மீஞ்சூரான்: தொப்பியைக் கழற்றினார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அம்மா. இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஏட்டு: தொப்பியைத்தானே கழற்றினார், சட்டையை அல்லவே! இருபத்தெட்டு ஆண்டுகள் அந்தச் சட்டையைத் துவைத்துப் போட்டவன் நான். விதிப் புத்தகத்தை மட்டும் புரட்டியவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

வியாசர்பாடிக்காரி: நான் சொல்ல வந்ததே வேறு. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டு மெக்கானிக் கடையில் நிற்கும் பையன் சிற்பியிலும் இல்லை, மன்றத்துக்கும் வருவதில்லை. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு. அந்த அலுவலர் இவனை எங்கே சந்திப்பார்?

மீஞ்சூரான்: எங்கே வேண்டுமானாலும் சந்திக்கட்டும், சாதாரண உடையில் சந்திக்கட்டும்.

ஓய்வுபெற்ற ஏட்டு: இயன்றவரை.

மீஞ்சூரான்: அந்த ஒரு சொல்லை விட்டால் உங்களிடம் வேறு சரக்கு இல்லை. தொப்பியை ஏன் கழற்றினார் என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற ஏட்டு: வியர்த்திருக்கும்.