மேல் தாடையில் எலும்பு போதாதாம், சைனஸ் லிஃப்ட் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

வாசுகி:
மேலே வலப்பக்கக் கடைவாய்ப்பல் இரண்டையும் பிடுங்கி 11 வருஷம் ஆகிறது. வெளியே தெரியாத ஓட்டைதானே என்று விட்டுவிட்டேன். இப்போது இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கப் போனால், ஸ்கேன் பார்த்துவிட்டு, "எலும்பு 3 மில்லிமீட்டர்தான் இருக்கு. முதலில் சைனஸ் லிஃப்ட் செய்து எலும்பை ஏற்றணும், ஆறு மாதம் கழித்து இம்ப்ளான்ட்" என்கிறார் டாக்டர். பல்லுக்கும் சைனஸுக்கும் என்ன சம்பந்தம்? என் தோழிக்கு இரண்டையும் ஒரே நாளில் முடித்தார்களே! கன்னத்தைக் கிழிப்பார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து தூக்கமே போச்சு.

சேகர்:
கன்னத்தை யாரும் தொட மாட்டார்கள் அம்மா. வாய்க்குள் ஈறை விலக்கி, எலும்பின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல், அவ்வளவுதான். எனக்கு இரண்டு வருஷம் முன்பு நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டதால் வலி இல்லை. ஆனால் அந்தச் சத்தம்! மண்டைக்குள் தச்சுவேலை. மூன்றாம் நாள் கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது. அதைவிடப் பெரிய பாடு மூக்குதான். இரண்டு வாரம் சிந்தக் கூடாது, ஸ்ட்ரா கூடாது, தும்மினால் வாயைத் திறந்துகொண்டு தும்ம வேண்டும். ஐந்தாம் நாள் பழக்கதோஷத்தில் வாயை மூடித் தும்மிவிட்டேன். மூக்கில் ரத்தம் கசிந்ததும் பதறி ஓடினேன். நல்லவேளை, உள்ளே எதுவும் நகரவில்லை.

பல்மருத்துவன்:
மேல் கடைவாய்ப்பல்லுக்கு நேர் மேலே இருக்கும் காற்றறைதான் சைனஸ். பல் போனதும் எலும்பு கீழிருந்து கரையும், சைனஸ் மேலிருந்து இறங்கும். நடுவில் மிஞ்சியதுதான் உங்கள் 3 மில்லிமீட்டர். தோழிக்கு ஐந்தாறு இருந்திருக்கும். அதில் இம்ப்ளான்ட் இறுகப் பிடிக்கும், அதனால் கூடவே வைத்துவிடலாம். மூன்றில் ஆடும் அபாயம் அதிகம், ஆடினால் எலும்பு சேராது. காத்திருக்கச் சொன்னவர் உங்களை இழுத்தடிக்கவில்லை.

ஜன்னல் முறை 1980-இலேயே மருத்துவ இதழில் வந்துவிட்டது, பயப்படாதீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. சைனஸின் உட்சவ்வு முட்டையின் உள்தோல் மாதிரி மெல்லியது. அதைக் கிழியாமல் தூக்கி, அடியில் எலும்புத் துகளை நிரப்புவதுதான் வேலையே. கிழிந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். சின்னக் கிழிசலைச் சவ்வு வைத்து மூடித் தொடரலாம். பெரிதென்றால் நிறுத்தி, ஆறவிட்டுத்தான் மறுபடி. துகள் எதிலிருந்து எடுத்தது என்றும் கேளுங்கள், பெரும்பாலும் மாட்டு எலும்பு. அது வேண்டாம் என்பவர்களுக்குச் செயற்கைத் துகளும் உண்டு. சிகரெட், சைனஸ் தொல்லை, போடும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள்.

வாசுகி:
சிகரெட் இல்லை. எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை, நாலு வருஷமாக. பல் டாக்டரிடம் அதை எதற்குச் சொல்வது என்று சொல்லவே இல்லை.

பல்மருத்துவன்:
நாளைக்கே சொல்லிவிடுங்கள். சில தேய்மான மாத்திரைகளால் அறுவைக்குப் பின் தாடை எலும்பு ஆறாமல் போவது உண்டு, அரிதுதான். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்தவரும் பல் டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும்.

வாசுகி:
சரி டாக்டர், அட்டையையே எடுத்துக்கொண்டு போகிறேன். சேகர் தம்பி, வாயைத் திறந்து தும்மப் பழகிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.