புதுப்பிப்பு: பார்வை மங்கிய அம்மா தனியாகச் சமைக்க எது உதவியது

விழித்திரை மையச் சிதைவால் (நடுப் பார்வையைக் கெடுக்கும் கண்நோய்) பார்வை குறைந்த அம்மா, சிங்கப்பூரின் தோ பாயோவில் உள்ள வீட்டில் தொடர்ந்து தானே சமைக்க வழி கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"ஆக்குபேஷனல் தெரபிஸ்டை (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) வீட்டுக்கே வரவழையுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. அம்மா சமைப்பதைப் பொறுமையாகப் பார்த்த பிறகே அவர் பேசினார். அடுப்புத் திருகில் அணைக்கும் இடத்தில், தடவினால் தெரியும் புடைப்பு ஸ்டிக்கர். வெள்ளைச் சோற்றுக்குக் கறுப்புத் தட்டு. ஓரப் பார்வை மிச்சம் இருப்பதால், சற்றுப் பக்கவாட்டில் பார்க்கவும் பழக்குகிறார்.

எதிர்பாராதது விளக்குதான். கூரை விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டியபோது கண் கூச்சமே அதிகமானது. அப்புறம் வளையும் மேசை விளக்கைப் பக்கவாட்டில், கைவேலைக்கு அருகில் வைத்தோம். அம்மா மருந்துப் பெயரைத் தானே வாசித்தார்!

குளியலறைக் கைப்பிடிகளுக்கு, வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) 'ஈஸ்' என்ற, மூத்தோருக்கு ஏற்ப வீட்டை மாற்றும் திட்டத்தில் விண்ணப்பித்திருக்கிறோம். 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதானவர் இருக்கும், குடிமக்களுக்குச் சொந்தமான வீவக வீடுகளுக்கு மானியம் உண்டு.