மூச்சு இயந்திரத்தின் அழுத்தத்தை வீட்டிலேயே சரிசெய்தவர்கள்: யாழ்ப்பாணத்து அனுபவங்கள்

கோண்டாவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்

உறக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகிறவர்களுக்கு, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு தருவது சீபாப் இயந்திரம். என்னுடையதைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அதில் இருந்த எண்கள் 4, 20. தானியங்கி சீபாப் வகைகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. ஆகக் குறைந்த அழுத்தம் 4 சென்ரிமீற்றர் நீர் (காற்றின் அழுத்தத்தை அளக்கும் அலகு), ஆகக் கூடியது 20. நடுவில் எவ்வளவு தேவை என்பதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டு எண்களும் எவருடைய தொண்டையையும் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. இயந்திரத்தால் எட்டக்கூடிய இரு எல்லைகள், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தே சிலர் "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்லி இயந்திரத்தை அலுமாரியில் வைத்துவிட்டார்கள். ஒத்துவராதது இயந்திரமா, பெட்டியோடு வந்த எண்களா என்று யாரும் பார்த்துச் சொல்லவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

கொழும்பில் செய்த உறக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 தடவை எனக்கு மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது என்று வந்தது. குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் ஒரு தடவையாகக் கணக்கிடுவார்கள். 5இலிருந்து 15 வரை இலேசானது, 30க்கு மேல் கடுமையானது. இயந்திரம் போட்டபின் எண்ணிக்கை 9, 10 என்று நின்றது. முன்பைவிட நல்லதுதான். ஆனால் 5க்குக் கீழே வரவேண்டும். மதிய வேளையில் பத்திரிகையைக் கையில் வைத்தபடியே கண்ணயர்வது அப்போதும் நிற்கவில்லை. விடியப்புறம் மூன்று மணிக்குப் பிறகு குறட்டை கேட்கிறது என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தார். படுத்தவுடன் 4இல் வரும் காற்று எனக்குப் போதவில்லை. மூக்கில் துணியை வைத்து அமுக்கியதுபோல் இருக்கும். நடு இரவில் என்னையறியாமலே முகமூடியைக் கழற்றி எறிந்துவிடுவேன்.

இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு சிறிய நினைவக அட்டை இருக்கிறது. ஒவ்வோர் இரவின் மூச்சும் அதில் பதிவாகிறது. அதை வாசிப்பதற்கு ஒஸ்கார் என்ற இலவச மென்பொருள் உண்டு. மகன் அதைக் கணினியில் போட்டுத் தந்தான். முதல் இரவின் படத்தைத் திறந்தபோதே விடயம் புரிந்துவிட்டது. அழுத்தக் கோடு 4இல் தரையோடு கிடக்கிறது. மூன்று, நான்கு அடைப்புகள் அடுத்தடுத்து விழுகின்றன. அதன் பிறகே கோடு மேலே கிளம்புகிறது. 10, 11 வரை போய், அடைப்பு நின்றதும் மெல்ல மெல்ல இறங்குகிறது. தரையைத் தொட்டதும் திரும்பவும் அடைப்பு. விடியப்புறத்தில் இது இன்னும் நெருக்கமாக வருகிறது. கனவு உறக்கம் அதிகமாக வரும் நேரம் அது, தொண்டைத் தசைகள் அப்போது இன்னும் தளர்ந்துவிடும். இயந்திரம் ஒவ்வொரு முறையும் பிந்தித்தான் வருகிறது. அது தொடங்கும் இடமே மிகத் தாழ்வாக இருந்தால் வேறு எப்படி வரும்?

படத்தை அச்சிட்டு வைத்தியரிடம் கொண்டுபோனேன். கீழ் எல்லையை 6க்கு உயர்த்தி ஒரு வாரம் பார்க்கச் சொன்னார். பிறகு 7, பிறகு 8. மேல் எல்லையை 14 ஆக்கினோம். வேறு எதையும் தொடவில்லை. இப்போது எண்ணிக்கை 2க்கும் 3க்கும் இடையில் நிற்கிறது. பகல் தூக்கம் போய்விட்டது.

அழுத்த எண்கள் நோயாளிக்குக் காட்டும் பட்டியலில் இருக்காது. வைத்தியருக்கான பட்டியலில் இருக்கும். அதைத் திறக்கும் வழி மாதிரிக்கு மாதிரி வேறுபடும். திறந்ததும் முதல் வேலையாக உள்ளே இருக்கும் எல்லா எண்களையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஓர் இரவை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. தடிமன் பிடித்த இரவும், கலியாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்ட இரவும் வேறு கணக்குக் காட்டும்.

மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைக் குறைத்துத் தரும் வசதியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ரெஸ்மெட் நிறுவனத்தின் இயந்திரங்களில் 1, 2, 3 என்று மூன்று படிகள், படி எண் எவ்வளவோ அவ்வளவு அழுத்தம் குறையும். சுகமாக இருக்கிறதென்று பலர் 3இல் வைக்கிறார்கள். கீழ் எல்லை 7 என்றால், மூச்சு விடும் நேரத்தில் தொண்டைக்குக் கிடைப்பது 4தான். அடைப்பு கூடினால் முதலில் இதைப் பாருங்கள்.

சுன்னாகம், அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்

ஆசிரியர் ஐயா சொன்னதெல்லாம் சரி. அழுத்தத்துக்குப் போகுமுன் முகமூடியைப் பாருங்கள் என்று நான் சேர்த்துச் சொல்வேன். அப்பாவின் இயந்திரம் இரவில் 17, 18 வரை ஏறுகிறது என்று பயந்துபோய் இருந்தோம். பார்த்தால் காற்று முழுவதும் கன்னப் பக்கத்தால் ஒழுகுகிறது. ஒழுக்கு அதிகமானால் இயந்திரத்துக்கு மூச்சின் ஓட்டம் சரியாகத் தெரியாமல் போகிறது. அழுத்தம் கூடக் கூட ஒழுக்கும் கூடுகிறது. அப்பாவோ வாரை இன்னும் இறுக்கினார். மூக்குத் தண்டில் தோல் உரிந்து புண்ணாகியதுதான் மிச்சம்.

அவர் படுக்கப்போகுமுன் நெற்றியிலும் மூக்கிலும் தைலம் பூசுவார். சிலிக்கோன் விளிம்பு அந்த எண்ணெயில் வழுக்குகிறது. தைலத்தை நிறுத்தினோம். தினமும் காலையில் விளிம்பைக் குழந்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நிழலில் காயவிடுகிறேன். முகமூடியை இருந்தபடி மாட்டாமல், படுத்தபின், காற்று ஓடும்போதே வாரைச் சரிசெய்கிறோம். படுக்கும்போது கன்னத்தின் தசை வேறு இடத்துக்குப் போய்விடுகிறது அல்லவா? வாரைத் தளர்த்தியபின் ஒழுக்கு குறைந்தது என்றால் நம்பமாட்டீர்கள். எங்கள் ரெஸ்மெட் இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 24 லீற்றர்தான் எல்லை. இப்போது அதற்கு நன்றாகக் கீழே இருக்கிறது. அழுத்தம் 12ஐத் தாண்டுவதில்லை. ஓர் எண்ணைக்கூட நாங்கள் மாற்றவில்லை.

தண்ணீரைப் பற்றியும் எழுதுகிறேன். நம் கிணறுகள் எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருப்பவை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது ஈரப்பதக் கிண்ணத்திலும் படியும். கொதிக்கவைத்து ஆறவிட்டாலும் சுண்ணாம்பு முழுவதும் போகாது. மருந்துக்கடையில் காய்ச்சி வடித்த நீர் கேட்டு வாங்குங்கள். வாகனக் கராஜில் விற்கும் பற்றரித் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அது மூச்சோடு உள்ளே போவதற்காகச் செய்யப்பட்டதன்று. மார்கழியில் வாடைக் காற்று வீசும்போது யன்னல் திறந்திருந்தால் குழாய் குளிர்ந்து உள்ளே நீர்த்துளி கட்டும். விடியற்காலையில் களகளவென்று சத்தம் கேட்டால் இயந்திரம் பழுது என்று நினைக்காதீர்கள். ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள், குழாயைப் பழைய துணியால் சுற்றுங்கள். சோளகக் காலத்தில் வேறு பிரச்சினை: புழுதி. அந்த மாதங்களில் வடிகட்டியை அடிக்கடி எடுத்துப் பார்க்கவேண்டும்.

பருத்தித்துறை, கடை வைத்திருப்பவர்

என்னுடையது ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா அனுப்பிய இயந்திரம். அவருக்குப் புதிது கிடைத்ததும் பழையதை எனக்குத் தந்தார். இப்படி வரும் இயந்திரங்கள் நம்மிடையே நிறைய. மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. இவற்றோடு வரும் மின்மாற்றியில் பெரும்பாலும் 100இலிருந்து 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கும், செருகியை மட்டும் மாற்றினால் போதும். பயப்பட வேண்டியது உள்ளே இருக்கும் எண்களுக்குத்தான். அண்ணாவுக்கு 13 என்று நிலையாக வைத்திருந்தார்கள். அவர் என்னைவிட இரண்டு மடங்கு உடம்பு. நான் அதே 13இல் இரண்டு இரவு படுத்தேன். காலையில் வயிறு பந்தாக ஊதி, ஏப்பம் ஏப்பமாக வந்தது. காற்றை விழுங்கிவிடுவதால் வருவது அது. வைத்தியர் பார்த்துத் தானியங்கி முறைக்கு மாற்றி 6க்கும் 11க்கும் இடையில் விட்டார். வயிறு சரியாகிவிட்டது.

இன்னொன்று. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் ட்ரீம்ஸ்டேஷன் முதல் தலைமுறை உட்படப் பல இயந்திரங்களை மீளப்பெறுவதாக அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து மூச்சோடு போகலாம் என்பதே காரணம். வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்புவதை வேண்டாமென்று சொல்ல நமக்கு மனம் வராது. ஆனாலும் மாதிரியையும் தொடர் இலக்கத்தையும் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது 12 வோல்ட் பற்றரியில், இயந்திரத்துக்குரிய மாற்றியைப் போட்டு ஓட்டினேன். ஈரப்பதச் சூட்டை நிறுத்திவிட்டால் பற்றரி நெடுநேரம் நிற்கும். மின்சாரத்தில் பெரும்பகுதியைத் தின்பது அந்தச் சூடுதான்.

திருநெல்வேலி, தாதி

எல்லாவற்றையும் வாசித்தேன். ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். மென்பொருளில் அடைப்பு என்று காட்டுவது ஒன்று, மூச்சுப்பாதை திறந்திருந்தும் மூச்சு வராதது என்று காட்டுவது இன்னொன்று. இரண்டாவது, மூளை மூச்சுக் கட்டளையை அனுப்பாததால் வருவது. அழுத்தத்தைக் கூட்டினால் அது குறையாது, சிலருக்குக் கூடும். புதிதாக இயந்திரம் போட்டவர்கள் சிலருக்கு முதல் வாரங்களில் இது தோன்றிப் பின் தானாகவே அடங்கும். அடங்காவிட்டால் வைத்தியரிடம் போகவேண்டும். மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து எண்ணை ஏற்றுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

இதயம் பலவீனமானவர்கள், நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், வலிக்கு மோர்ஃபின் வகை மருந்து எடுப்பவர்கள், மூச்சை இழுக்க ஓர் அழுத்தமும் விட இன்னோர் அழுத்தமும் தரும் இரட்டை அழுத்த இயந்திரத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து அழுத்தத்தைத் தாமாகத் தொடவேண்டாம். பருத்தித்துறை அண்ணா சொன்ன வெளிநாட்டு இயந்திரங்களில், ஒவ்வொரு மூச்சையும் பார்த்து அழுத்தத்தைத் தானே மாற்றும் ஏஎஸ்வி என்ற வகையும் இருக்கலாம். மூச்சுக் கட்டளைக் கோளாறோடு இதயத்தின் இடது கீழறை இரத்தத்தைத் தள்ளும் அளவு 45 சதவீதமோ அதற்குக் குறைவோ ஆனவர்களுக்கு அந்த வகையால் இதய நோய் மரணம் கூடுகிறது என்று 2015இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் யாரும் அதை முகத்தில் மாட்டக்கூடாது.

ஈரப்பதம், குழாயின் சூடு, முகமூடியின் வகை, ஆரம்பத்தில் அழுத்தம் மெல்ல ஏறும் நேரம் ஆகியவற்றை நீங்களே மாற்றலாம். அதற்கு யாரையும் கேட்கவேண்டியதில்லை.

கோண்டாவில் ஆசிரியர்

தங்கை தாதி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். என் படத்தில் வந்தவை எல்லாம் அடைப்புகள் என்று வைத்தியர் உறுதிப்படுத்திய பிறகே கீழ் எல்லையைக் கூட்டினோம்.

கணினி இல்லாதவர்கள் என்ன செய்வது என்று இருவர் தனியாகக் கேட்டிருந்தார்கள். பல இயந்திரங்களின் திரையிலேயே காலையில் முந்திய இரவின் அறிக்கை வரும்: எத்தனை மணி நேரம் போட்டீர்கள், மணிக்கு எத்தனை தடவை மூச்சுத் தடைப்பட்டது, முகமூடி ஒழுகியதா. ஒரு கொப்பியில் திகதியோடு குறித்து வாருங்கள். பக்கத்தில் தடிமன், மின்வெட்டு, மல்லாந்து படுத்தது என்று எதையாவது எழுதவேண்டியிருந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியையும் நினைவக அட்டையையும் சேர்த்தே எடுத்துப்போங்கள். அட்டையைக் கழற்றுமுன் இயந்திரத்தை நிறுத்த மறக்கவேண்டாம்.