மறு: ‘அரைமிதவை அச்சு’ பொருந்துமா? பின்அச்சுச் சொற்கள் குறித்து

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் குழு அன்பர்களுக்கும் வணக்கம்.

மிகுதிறன் எஞ்சின் பொருத்திய ஃபோர்டு மஸ்டாங் காரின் பின்சக்கரங்களைச் சுழற்றும் பின்அச்சை வலுப்படுத்துவது பற்றி நான் எழுதிவரும் கட்டுரைக்காக, செமி ஃப்ளோட்டிங், ஃபுல் ஃப்ளோட்டிங் என்னும் இருவகை அச்சுகள், அச்சின் தண்டைப் பிடித்துவைக்கும் சி-கிளிப் ஆகிய மூன்றுக்கும் தமிழ்ச்சொல் வேண்டுமெனச் சென்ற வாரம் கேட்டிருந்தேன். அரைமிதவை அச்சு, முழுமிதவை அச்சு, சி-கவ்வி எனத் தாங்கள் உடனே விடையளித்ததற்கு நன்றி. மூன்றையும் கட்டுரையில் இட்டு, கார் ஓட்டத் தெரிந்தாலும் அதன் அடியில் குனிந்து பார்த்திராத என் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். “அச்சு எதில் மிதக்கிறது, எண்ணெயிலா?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயமானது. தண்டைச் சூழ்ந்த அச்சுக்கூட்டினுள் உண்மையிலேயே கியர் எண்ணெய் இருப்பதால், மிதவை என்னும் சொல் படிப்பவரைத் தவறான காட்சிக்கே அழைத்துச் செல்கிறது. மிதத்தல் தமிழில் நீரை விட்டு அகலாத சொல். நாணய மதிப்பை மிதக்கவிடுதல் என்று செய்தித்தாள்கள் எழுதுவதை நான் மறுக்கவில்லை. அங்கே ஏற்ற இறக்கம் அலையை நினைவூட்டுவதால் உருவகம் பொருந்திவிடுகிறது. இங்கே எதுவும் ஏறி இறங்கவில்லை. ‘அரை’ சேர்ந்தபின் குழப்பம் இரட்டிக்கிறது, ஏனெனில் தண்டின் எந்தப் பாதி மிதக்கிறது என்ற அடுத்த கேள்விக்கும் நாம் விடை சொல்லியாக வேண்டும்.

ஆகவே ஆங்கிலப் பெயரைச் சற்றே ஒதுக்கிவிட்டுப் பொருளைப் பார்ப்போம். லாரியின் பின்சக்கரக் குடத்தின் நடுவே வட்டமாக அமைந்த போல்ட்டுகளைக் கழற்றினால், சக்கரம் தரையிலேயே நிற்க, வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்காமலே அச்சுத்தண்டை நீளமாக உருவி எடுத்துவிடலாம். லாரியின் எடையை அச்சுக்கூட்டின் முனையும் அதன்மேல் அமர்ந்த குடத்தின் பேரிங்குகளுமே தாங்குகின்றன. தண்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றுவது ஒன்றே வேலை. ஆங்கிலத்தில் ஃபுல் ஃப்ளோட்டிங் எனப்படுவது இதுதான். செமி ஃப்ளோட்டிங் வகையான நம் காரிலோ, தண்டின் வெளிமுனையிலுள்ள விளிம்பிலேயே சக்கரம் பொருத்தப்படுவதால், ஒரே தண்டு முறுக்குவிசையைக் கடத்தவும் வேண்டும், காரின் எடையால் வரும் வளைவைத் தாங்கவும் வேண்டும்.

இந்த வேறுபாட்டை விளக்க நம்மிடம் மாட்டு வண்டி இருக்கிறது. வண்டியின் அச்சு சுழல்வதில்லை. அது பாரத்தைத் தாங்கி நிற்க, சக்கரம் அதைச் சுற்றி உருள்கிறது, கடையாணி சக்கரத்தைக் கழலாமல் காக்கிறது. மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு இறும் என்னும் குறளிலும் அச்சை முறிப்பது பாரமே, சுழற்சி அன்று. அந்த வண்டி அச்சைக் குழாயாகக் குடைந்து, சுழற்றுவதற்கென்று தனியே ஒரு தண்டை அதனுள் செலுத்தினால் லாரியின் அமைப்பு கிடைத்துவிடும். பாரம் தாங்கும் வேலையையும் சுழற்றும் வேலையையும் மீண்டும் ஒரே தண்டின் தலையில் ஏற்றினால் காரின் அமைப்பு கிடைக்கும். வேறுபாடு சுமையில் இருப்பதால் பெயரும் சுமையிலிருந்தே பிறக்க வேண்டும் என்பது என் துணிபு.

எனவே, சக்கரத்தின் சுமையையும் ஏற்றுச் சுழலும் தண்டைச் ‘சுமையேற்பு அச்சுத்தண்டு’ என்றும், சுமையினின்று விடுபட்டுச் சுழல மட்டும் செய்யும் தண்டைச் ‘சுமைநீங்கு அச்சுத்தண்டு’ என்றும் வழங்கலாம் என முன்மொழிகிறேன். அச்சு என்பதை, அச்சுக்கூடும் குழாய்களும், திருப்பங்களில் இரு சக்கரங்களையும் வேறுவேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலும், தண்டுகளும் அடங்கிய முழுத்தொகுதிக்கு நிறுத்திக்கொள்வோம். ஆங்கிலம் இரண்டையும் ‘ஆக்சில்’ என்றே சொல்வதால், பட்டறையில் “ஆக்சில் போய்விட்டது” என்று ஒருவர் சொன்னால் தண்டா தொகுதியா என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் குறையை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

சொல் கிடைத்துவிட்டது என்று எண்ணிய இடத்தில்தான் அடுத்த சிக்கல் எழுந்தது. என் கட்டுரையின் நெஞ்சும் அங்கேதான் இருக்கிறது. 1986-இலிருந்து வி8 மஸ்டாங்குகளுக்கு ஃபோர்டு பொருத்திய 8.8 அங்குலப் பின்அச்சும், அதற்கு மாற்றாகப் பந்தயக்காரர்கள் நாடும் 9 அங்குலப் பின்அச்சும் (அங்குலம் என்பது உள்ளிருக்கும் பெரிய பற்சக்கரத்தின் விட்டம்) சுமையேற்பு வகையைச் சேர்ந்தவையே. 1957-இல் அறிமுகமான அந்த 9 அங்குல அச்சைத் தேடிப் போவதற்குக் காரணங்கள் பல உண்டு: பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும் சிறு பற்சக்கரமான பினியனின் உள்முனையையும் தனிப் பேரிங் ஒன்று தாங்குவதால் பல் எளிதில் விலகுவதில்லை, கியர்த்தொகுதி முழுவதையும் முன்புறமாகக் கழற்றி எடுத்துவிடலாம். ஆயினும் உயிரோடு தொடர்புடைய காரணம், தண்டை எது பிடித்து வைத்திருக்கிறது என்பதே.

8.8 அங்குல அச்சில் தண்டின் உள்முனையில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். டிஃபரன்ஷியலின் நடுவே விரல் நுழைத்து, வாய் திறந்த சிறு இரும்பு வளையம் ஒன்றை அந்தக் காடியில் செருகுவார்கள். தண்டை வெளியே நழுவவிடாமல் பிடித்திருப்பது அது ஒன்றே. தண்டு இடையில் முறிந்தால் வளையம் உள்துண்டோடு உள்ளேயே தங்கிவிட, வெளித்துண்டு சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் சுமந்துகொண்டு குழாயிலிருந்து வெளியேறிவிடும். 9 அங்குல அச்சிலோ, தண்டின்மீது அழுத்திப் பொருத்திய பேரிங்கை, அச்சுக்கூட்டின் வெளிமுனையில் நான்கு போல்ட்டுகளால் முடுக்கிய தகடு பிடித்து வைத்திருக்கிறது. தண்டு உட்புறம் முறிந்தால் கார் உந்துவிசையை இழக்கும், சக்கரத்தை இழக்காது. கால் மைலை 10.99 நொடியிலோ அதைவிட விரைவாகவோ கடக்கும் கார்களில் ஆலையில் பொருத்திய தண்டுகளை நீக்கி, வலுவான தண்டும் அதைப் பிடித்துவைக்கும் தனி அமைப்பும் பொருத்த வேண்டும் என கால் மைல் பந்தயங்களை நடத்தும் அமெரிக்கத் தேசிய ஹாட் ராட் சங்கம் விதித்ததும் இதன் பொருட்டே.

இந்த இரண்டு பிடிப்புகளுக்கும் பெயர் வேண்டும். சி-கவ்வி என்பது வடிவத்தைக் காட்டுகிறது, இடத்தைக் காட்டவில்லை. கவ்வுதலும் அங்கே நிகழவில்லை. கடையாணியில் ‘கடை’ முனையைக் குறிப்பதால் முதலில் உட்கடைப்பிடி, வெளிக்கடைப்பிடி என்று எழுதிப் பார்த்தேன். கடைப்பிடித்தல் என்னும் வழக்குச்சொல் குறுக்கே வந்து நின்றது. பூட்டு என்று முடிக்கலாமென்றால், இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் லாக்கருக்கு நாளை அச்சொல் தேவைப்படும். புறக்கடை என்றால் வீட்டின் கொல்லைப்புறம். கடைசியில் ‘காப்பு’ என்னும் சொல்லிடம் வந்து சேர்ந்தேன். கையில் அணியும் காப்பும் வாய் திறந்த வளையம்தான். காப்பது என்ற பொருளும் அதனுள்ளேயே இருக்கிறது. எனவே உள்முனை வளையத்தை ‘உட்கடைக் காப்பு’ என்றும், வெளிமுனைத் தகட்டை ‘வெளிக்கடைக் காப்பு’ என்றும் அழைக்கலாம். தங்கையிடம் இவ்விரண்டையும் சொன்னபோது, எது எங்கே இருக்கும் என்பதைப் படம் இல்லாமலே சரியாகச் சொன்னாள்.

தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்களான ஸ்பிளைன் என்பதற்கு வரிப்பல் என்று முன்னொரு மடலில் ஓர் அன்பர் குறிப்பிட்டதை அப்படியே ஏற்கிறேன். ஒன்றை மட்டும் கட்டுரையில் விளக்கியாக வேண்டும். 28 வரிப்பல், 31 வரிப்பல், 35 வரிப்பல் என்று தண்டுகளைப் பெயரிடும்போது பல் கூடுவதால் வலு கூடுகிறது என்று தோன்றும். இந்தப் பற்களின் அளவு மாறுவதில்லை, ஒரு பல் கூடினால் விட்டம் ஓர் அங்குலத்தில் 24-இல் ஒரு பங்கு கூடுகிறது என்பதே உண்மை. பல்லெண்ணிக்கை தடிமனுக்கு இட்ட பெயர். முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் கனத்துக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்ப உயர்வதால், 35 வரிப்பல் தண்டு அதே உலோகத்தாலான 28 வரிப்பல் தண்டைப்போல ஏறத்தாழ இரு மடங்கு தாங்கும். எஞ்சின் 500 பவுண்டு-அடி முறுக்குவிசை தந்து, முதல் கியர் 2.46 ஆகவும் பின்அச்சு விகிதம் 3.73 ஆகவும் இருந்தால், தானியங்கிக் கியர்பெட்டிக்கு முன்னுள்ள டார்க் கன்வர்ட்டர் முறுக்குவிசையைப் பெருக்குவதைக் கணக்கில் சேர்க்காமலே பின்அச்சில் 4,500 பவுண்டு-அடிக்கு மேல் இறங்குகிறது. அப்படி வருந்திய 28 வரிப்பல் தண்டு ஒன்று இதை எழுதும்போது என் மேசைமேல் கிடக்கிறது. முறியவில்லை, ஆனால் நேராக ஓட வேண்டிய பற்கள், பிழிந்த ஈரத்துணியின் மடிப்புகளைப்போலச் சாய்ந்து திருகியிருக்கின்றன. இதனால்தான் சிலர் புதுத்தண்டின்மீது நீளவாக்கில் ஒரு வெள்ளைக்கோடு தீட்டிப் பொருத்துகிறார்கள். அடுத்த முறை கழற்றும்போது கோடு வளைந்திருந்தால் அந்தத் தண்டு மீண்டும் உள்ளே போவதில்லை.

என் சொற்கள் நீளமானவை என்று தாங்கள் கருதக்கூடும். அரைமிதவை அச்சைவிடச் சுமையேற்பு அச்சுத்தண்டு நீண்டதே. எனினும் ஓரிடத்தில் முழுமையாகச் சொல்லிவிட்டால் பின்னர் ‘சுமையேற்பு வகை’ என்றே சுருக்கிக்கொள்ளலாம். சுருக்கத்துக்காகப் பொருளைக் கைவிட எனக்கு மனமில்லை, ஏனெனில் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒருவர் தம் காரின் சக்கரத்தைக் கழற்றப் போகிறார்.

கட்டுரையில் அந்தப் பத்தி இப்போது இவ்வாறு நிற்கிறது: “8.8 அங்குலப் பின்அச்சின் சுமையேற்பு அச்சுத்தண்டை உட்கடைக் காப்பு மட்டுமே பிடித்திருப்பதால், 28 வரிப்பல் தண்டை நீக்கி 31 வரிப்பல் தண்டு பொருத்தினாலும் முறிவின்போது சக்கரம் கழலும் இடர் நீங்குவதில்லை; அதற்கு அச்சுக்கூட்டின் முனைகளை மாற்றி வெளிக்கடைக் காப்பு அமைக்க வேண்டும்.” இதில் ‘சுமைநீங்கு’, ‘சுமையேற்பு’ ஆகியவற்றை அடுத்த சொல்லோடு சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதையும், ‘உட்கடைக் காப்பு’ என்பதில் ஒற்று மிகுவது சரிதானா என்பதையும் இலக்கணம் அறிந்த அன்பர்கள் தெரிவித்தால், வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்திவிடுவேன்.

அன்புடன்,
கட்டுரையாளன்