ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்: வட்டைப் பிரிக்கலாமா?

இரவுப்பறவை:
வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப். 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. லினக்ஸ் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் தம்பியின் படிப்பு வேலை முழுக்க அந்த விண்டோஸில்தான் இருக்கிறது. வட்டைப் பிரித்து இரண்டையும் தனித்தனியே நிறுவி, தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் டூயல் பூட் செய்வதா, விண்டோஸுக்குள்ளேயே கணினிக்குள் ஒரு கணினி போல ஓடும் விர்ச்சுவல் மெஷினில் ஓட்டுவதா?

கடலோடி:
தயங்காமல் டூயல் பூட் செய்யுங்கள். முதல் காரணம் ரேம். விர்ச்சுவல் மெஷின் என்றால் இரண்டு இயங்குதளமும் ஒரே நேரத்தில் ஓடும். விண்டோஸும் ஒரு பிரவுசரும் எடுத்துக்கொண்டது போக, லினக்ஸுக்கு 3 ஜிபி கொடுத்தாலே இரண்டும் திணறும். லினக்ஸ் என்றாலே மந்தம் என்று முடிவு கட்டிவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள். அப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று: விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் லினக்ஸ் உங்கள் லேப்டாப்பைப் பார்ப்பதே இல்லை. மென்பொருள் உருவாக்கிக் காட்டும் ஒரு கிராபிக்ஸ் அட்டையையும் நெட்வொர்க் அட்டையையும்தான் அது பார்க்கிறது. உங்கள் வைஃபை வேலை செய்யுமா, மூடியை மூடினால் தூங்கி எழுமா, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதெல்லாம் நேரடியாக நிறுவினால்தான் தெரியும்.

மணல்வீடு:
கடலோடி சொல்வது சொந்த லேப்டாப்பாக இருந்தால் சரி. இதில் இன்னொருவரின் படிப்பு இருக்கிறது, நண்பரே. ஒருமுறை என் அக்காவின் கணினியில் லினக்ஸ் நிறுவ உட்கார்ந்தேன். வட்டின் பகுதியை, அதாவது பார்ட்டிஷனைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. பேக்கப் இல்லை. குழந்தைகளின் படங்களில் பாதியை மீட்க 3 நாள் ஆனது, மீதி போனது போனதுதான். அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

விர்ச்சுவல் மெஷினில் முழு லினக்ஸும் விண்டோஸுக்கு ஒரு பெரிய கோப்பு மட்டுமே. உள்ளே எதைக் கெடுத்தாலும் வெளியே பாதிப்பு இல்லை. ஏதாவது செய்து பார்க்கும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால் போதும், கெட்டுப்போனால் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். கற்றுக்கொள்பவருக்கு இதைவிடப் பெரிய தைரியம் எது?

டூயல் பூட்டில் அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தாலும் ஒருநாள் அப்டேட் வந்து கெடுக்கலாம். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் லினக்ஸைத் தொடக்கிவைக்கும் பழைய பூட்லோடர் நிரல்களைத் தடுக்கும் எஸ்பாட் கொள்கையைக் கொண்டுவந்தது. டூயல் பூட் கணினிகளுக்கு அது பொருந்தாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும், நம்பகமான கையொப்பம் உள்ளதை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் போட்டிருந்த பலருக்கு லினக்ஸ் தொடங்கவே இல்லை.

கடலோடி:
அக்காவுக்கு நேர்ந்தது உண்மையான இழப்பு, அதை லேசாக எடுக்க மாட்டேன். ஆனால் அங்கே தவறியது பேக்கப். விர்ச்சுவல் மெஷின் வைத்திருப்பவரின் எஸ்எஸ்டி செத்தாலும் அதே கதிதான்.

2024 விவகாரத்தில் லினக்ஸின் கோப்புகள் அழியவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, அந்தக் கொள்கையை நீக்கினால் திரும்பவும் தொடங்கியது.

முறையாகச் செய்தால் டூயல் பூட் முரண்டு பிடிக்காது. பார்ட்டிஷனை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டிலிருந்தே சுருக்குங்கள், சார்ஜர் செருகியிருக்கட்டும். அப்புறம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது. அரைத்தூக்கத்தில் இருக்கும் அந்தப் பார்ட்டிஷனை லினக்ஸ் படிக்க மட்டுமே திறக்கும், எழுத விடாது. கடிகாரமும் மாறிமாறிக் காட்டும், பயப்பட வேண்டாம்: மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமான யுடிசியாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் ஒரே கட்டளையில் சரிசெய்யலாம்.

மணல்வீடு:
நீங்கள் அடுக்கிய பட்டியலே என் வாதம். முதல் நாளே ஒரு புதியவர் இத்தனையையும் தெரிந்திருக்க வேண்டுமா? விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கரை விட்டுவிட்டீர்களே! பல விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் வட்டு குறியாக்கம் தானாகவே போடப்பட்டிருக்கும். செக்யூர் பூட்டில் கைவைத்தால் அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். நீங்கள் சொன்ன தீர்வே செக்யூர் பூட்டை நிறுத்துவதில்தான் தொடங்குகிறது. அந்தச் சாவி கையில் இல்லாதவருக்கு மொத்த வட்டும் பூட்டிய வீடு.

பனைமரம்:
குறுக்கே வருகிறேன். கட்டளைகளும் நிரலாக்கமும்தான் தேவை என்றால் மைக்ரோசாஃப்டே தரும் டபிள்யூஎஸ்எல் 2 போதும், லினக்ஸின் மையப்பகுதியான உண்மையான கெர்னலே விண்டோஸுக்குள் ஓடும். டெஸ்க்டாப் வேண்டும் என்றால் வெளியே செருகும் எஸ்எஸ்டி ஒன்றில் நிறுவுங்கள். உள் வட்டைப் பிரிக்கவே வேண்டாம்.

கடலோடி:
நல்ல வழிதான், ஒரு எச்சரிக்கை. வெளி வட்டில் நிறுவச் சொன்னாலும் சில நிறுவிகள் பூட்லோடரை மட்டும் உள் வட்டில் தொடக்கக் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பகுதியில் எழுதிவிடும். பிறகு வெளி வட்டைக் கழற்றினால் விண்டோஸ் வராமல் லினக்ஸ் பூட்லோடரான க்ரப்பின் திரையில் நின்றுவிடலாம். நிறுவும்போது உள் எஸ்எஸ்டியைக் கழற்றிவைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பூட்லோடர் எங்கே போகிறது என்று இரண்டு முறை பாருங்கள்.

பிட்லாக்கர் பற்றி மணல்வீடு சொன்னது சரி, நான்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் விர்ச்சுவல் மெஷினை மட்டும் பார்த்துவிட்டு லினக்ஸை எடைபோட வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.

இரவுப்பறவை:
இருவருக்கும் நன்றி. தம்பிக்கு இன்னும் 2 மாதத்தில் தேர்வு, அதுவரை வட்டைத் தொட மாட்டேன். விர்ச்சுவல் மெஷினில் 3 ஜிபி கொடுத்து, கனமில்லாத எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடு தொடங்குகிறேன். கடலோடி கேட்ட வைஃபை, தூக்கம் இரண்டையும் பென் டிரைவிலிருந்து நிறுவாமலே லைவாக ஓட்டிப் பார்க்கலாம்தானே?

கடலோடி:
தாராளமாக. செக்யூர் பூட்டை மாற்றாதீர்கள், பூட் மெனுவில் அந்த ஒரு முறைக்கு மட்டும் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

மணல்வீடு:
அதற்கு முன்னால் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். தம்பியின் கோப்புகளையும் இன்றே வேறொரு வட்டில் நகலெடுங்கள்.