ஆஸ்கர் கணிப்புத் தாளுக்குக் கடைசி நாள் எது?

கோத்தகிரிப் பார்வையாளன்:
கோத்தகிரி, குன்னூர், உதகை, மசினகுடி ஆகிய ஊர்களிலிருந்து நாம் சிலர் சேர்ந்து ஆண்டுதோறும் நடத்திவரும் ஆஸ்கர் கணிப்புப் போட்டியில், விழாவுக்கு முந்தைய இரவு வரை தாள் அனுப்பலாம் என்பதே இதுவரை விதியாக இருந்தது. இனிமேல் பரிந்துரைப் பட்டியல் வெளியான ஏழாம் நாளையே கடைசி நாளாக வைக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். பட்டியல் பெரும்பாலும் ஜனவரியில் வருகிறது, விழா மார்ச்சில் நடக்கிறது. இடைப்பட்ட வாரங்களில் அமெரிக்கத் திரையுலகின் தயாரிப்பாளர் சங்கம், இயக்குநர் சங்கம், நடிகர் சங்கம், பிரிட்டனின் பாஃப்டா என்று ஒவ்வொரு அமைப்பும் தன் விருதை அறிவித்துவிடுகிறது. அந்த முடிவுகளைப் பார்த்து எழுதுவது, விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதுவதற்குச் சமம் என்றே எனக்குத் தோன்றுகிறது. சென்ற முறை வந்த தாள்களில் பெரும்பாலானவை ஒரே கையால் எழுதியவை போல இருந்தன. அவற்றை எழுதியவர்களில் எத்தனை பேர் அந்தப் படங்களைப் பார்த்திருந்தார்கள் என்ற கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை.

குன்னூர்க் கணக்கர்:
இந்த முன்மொழிவை நான் முழுமையாக எதிர்க்கிறேன். விடைத்தாள் என்றால் அதில் உள்ள விடை சரியாக இருக்க வேண்டும் அல்லவா? 2019இல் நடிகை க்ளென் குளோஸ் கோல்டன் குளோப் விருதையும் நடிகர் சங்க விருதையும் வென்றிருந்தார், ஆஸ்கரோ ஒலிவியா கோல்மனுக்குப் போயிற்று. 2021இல், அதற்கு முன்பே மறைந்துவிட்ட நடிகர் சாட்விக் போஸ்மன் அதே இரண்டு விருதுகளையும் பெற்றிருந்த நிலையில், அவருக்குத்தான் கிடைக்கும் என்று உலகமே நம்பியிருந்தபோது, ஆண்டனி ஹாப்கின்ஸ் பெயர் அறிவிக்கப்பட்டது. 2017இல் தயாரிப்பாளர் சங்கம் சிறந்த படமாக 'லா லா லேண்ட்' படத்தைத் தேர்ந்தெடுத்தது, ஆஸ்கர் 'மூன்லைட்' படத்துக்குக் கிடைத்தது. ஆகவே முந்தைய விருதுகள் விடைகள் அல்ல, சான்றுகள். சான்றுகளை எடைபோடுவதற்குப் பெயர்தான் கணிப்பு.

அந்தச் சான்றுகளுக்கு ஏன் மதிப்பு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறந்த படத்துக்கான ஆஸ்கரில், 2010இல் நடந்த விழா முதல், வாக்காளர் ஒரு பெயரை மட்டும் குறிப்பதில்லை. தமக்குப் பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டுத் தருகிறார். எந்தப் படத்துக்கும் பாதிக்கு மேல் முதலிடம் கிடைக்கவில்லை என்றால், மிகக் குறைவாகப் பெற்ற படத்தை நீக்கி, அதன் வாக்குச்சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுகிறார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும் வரை இது தொடர்கிறது. நம் நாட்டில் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் இதே முறையில்தான். 1969இல் வி. வி. கிரிக்கு முதல் விருப்ப வாக்குகளில் தேவையான பெரும்பான்மை கிடைக்காமல், இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணிய பிறகே வெற்றி கிடைத்தது என்பதை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். இத்தகைய எண்ணிக்கையில், சிலர் உயிராக நேசித்துப் பலர் வெறுக்கும் படத்தைவிட, எல்லாரும் இரண்டாம் மூன்றாம் இடத்திலாவது வைக்கும் படத்துக்கே வாய்ப்பு அதிகம். தயாரிப்பாளர் சங்கமும் இதே முறையில் எண்ணுகிறது என்பதால்தான் அதன் முடிவை நான் கூர்ந்து கவனிக்கிறேன். 2022இல் 'தி பவர் ஆஃப் தி டாக்' 12 பரிந்துரைகளோடு நின்றது, 'கோடா' படத்துக்குக் கிடைத்தவையோ மூன்றுதான். தயாரிப்பாளர் சங்கம் 'கோடா'வைத் தேர்ந்தெடுத்த மறுநாளே நான் என் தாளைத் திருத்தினேன். மூன்று பரிந்துரைகளையும் அந்தப் படம் விருதாக்கியது. ஏழாம் நாளே தாளை வாங்கிவிட்டால், யோசித்துத் தன் கருத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையைப் பறிக்கிறீர்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

கோத்தகிரிப் பார்வையாளன்:
வாக்கு எண்ணும் முறையைக் கணக்கர் ஐயா விளக்கிய விதத்துக்கு நன்றி. ஆனால் அந்த விளக்கமே என் பக்கம்தான் நிற்கிறது. 'கோடா' யாரையும் புண்படுத்தாத, மனத்தை இளக்கும் படம், விருப்ப வரிசை முறை அதற்குச் சாதகம் என்பதைப் படம் பார்த்தவர் பட்டியல் வந்த வாரத்திலேயே சிந்தித்து எழுதியிருக்கலாம். தயாரிப்பாளர் சங்கம் சொல்லும் வரை காத்திருந்தது ஏன்?

சான்றுகளை எடைபோடுகிறோம் என்கிறீர்கள். எந்தச் சான்றை நம்புவது என்பதை முடிவு தெரிந்த பிறகுதானே முடிவு செய்கிறோம்? 2019, 2021 இரண்டிலும் பாஃப்டா சரியாகக் காட்டியது. 2024இல் லில்லி கிளாட்ஸ்டன் நடிகர் சங்க விருதை வென்றார், பாஃப்டா எம்மா ஸ்டோனுக்குக் கிடைத்தது, ஆஸ்கரும் அவருக்கே. 2025இலும் நடிகர் சங்க விருது டெமி மூருக்கும், பாஃப்டாவும் ஆஸ்கரும் மைக்கி மேடிசனுக்கும் கிடைத்தன. சரி, பாஃப்டாவையே பின்பற்றலாம் என்றால், 2023இல் அது கேட் பிளான்செட்டையும் ஆஸ்டின் பட்லரையும் தேர்ந்தெடுத்தது. ஆஸ்கர் மிஷெல் யோவுக்கும் பிரெண்டன் ஃப்ரேசருக்கும் கிடைத்தது, அந்த இருவரையும் நடிகர் சங்கம்தான் சரியாகச் சொல்லியிருந்தது. ஒவ்வோர் ஆண்டும் பொருந்துகிற சாட்சியை மட்டும் பிறகு கூண்டில் ஏற்றினால் அதைக் கணக்கு என்று எப்படி ஒப்புக்கொள்வது?

குன்னூர்க் கணக்கர்:
நல்ல கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். நடிகர் சங்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பணிபுரிவோரும் அவர்களில் அடக்கம். ஆஸ்கர் வழங்கும் அகாதெமியில் வாக்களிப்போர் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். 2016க்குப் பிறகு வெளிநாட்டு உறுப்பினர்களை அகாதெமி பெருமளவில் சேர்த்துக்கொண்டதால், கடலுக்கு அப்பால் இருக்கும் ரசனைக்கு முன்பைவிட எடை கூடியிருக்கிறது, பாஃப்டாவைக் கவனிக்க வேண்டிய காரணம் அதுவே. 2023இல் நடந்தது வேறு. மிஷெல் யோ நடித்த 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர், எழுத்தாளர் சங்கங்கள் நான்கின் விருதுகளையும் வென்றது, பாஃப்டா மட்டும் தனி வழியில் சென்றது. நான்கு சாட்சிகள் ஒரு பக்கம் நிற்கும்போது ஐந்தாவதை நம்பியிருக்கக் கூடாது. என் தாளில் நானும் பிளான்செட் என்றே எழுதி இழந்தேன், அதை மறைக்கவில்லை. தவறு சான்றில் இல்லை, நான் எடைபோட்ட விதத்தில் இருந்தது.

மசினகுடி வாசகி:
இருவரும் பெரிய பிரிவுகளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு 2023ஆம் ஆண்டின் விழா வேறு காரணத்துக்காக மறக்க முடியாதது. எங்கள் ஊருக்கு அருகே இருக்கும் தெப்பக்காடு யானைகள் முகாமில், ரகு, அம்மு என்ற இரண்டு யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மனையும் பெள்ளியையும் பற்றி, உதகையைச் சேர்ந்த கார்த்திகி கொன்சால்வ்ஸ் எடுத்த 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்', சிறந்த ஆவணக் குறும்படத்துக்கான ஐந்து பெயர்களில் ஒன்றாக இருந்தது. எந்தச் சங்கமும் பாஃப்டாவும் எனக்கு வழிகாட்டவில்லை. குட்டிக்குப் பால் புகட்டும் கைகளைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் நான், அந்தக் கைகள் திரையில் பொய்யில்லாமல் வந்திருக்கின்றன என்பது எனக்குத் தெரிந்தது, அதனால் எழுதினேன். அந்தத் திங்கட்கிழமை விடியற்காலையில், கம்பளிக்குள் கைபேசியை வைத்துக்கொண்டு, அலைவரிசை விட்டு விட்டு வந்த நேரத்தில் அந்தப் பெயரைக் கேட்டு நான் அழுதேன்.

ஆனால் உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். அதே தாளில், முழுநீள ஆவணப்படப் பிரிவில் ஷௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் பிரீத்ஸ்' வெல்லும் என்றும் எழுதியிருந்தேன். சன்டான்ஸ், கான் திரைப்பட விழாக்களில் பரிசு பெற்ற படம், காயம்பட்ட பருந்துகளைப் பேணும் தில்லிச் சகோதரர்களின் கதை, அதையும் நான் அதே அன்போடுதான் பார்த்தேன். விருது 'நவால்னி' படத்துக்குப் போயிற்று. பாஃப்டா அதற்கு முன்பே 'நவால்னி'யைத் தேர்ந்தெடுத்திருந்தது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். ஆகவே அன்பு ஒரு முறை சரியாகவும் ஒரு முறை தவறாகவும் சொன்னது. கோத்தகிரி அண்ணா, படம் பார்த்தால் போதும் என்ற உங்கள் நம்பிக்கையை அதனால்தான் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை.

குன்னூர்க் கணக்கர்:
தங்கை சொன்னதில் பெரிய செய்தி இருக்கிறது. சிறிய பிரிவுகளில் பரிந்துரைப்பவர்கள் அந்தந்தத் துறையினர், இறுதியில் வாக்களிப்பவர்கள் எல்லாத் துறையினரும். குறும்படப் பிரிவுகளில் வாக்காளர் பலர் பார்த்திருக்கக்கூடிய படம் எது என்பதுதான் முதல் கேள்வி. 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' நெட்ஃபிளிக்ஸில் இருந்ததால் வென்றது என்று அப்போது நான் எழுதினேன். அதே பட்டியலில் 'தி மார்த்தா மிட்செல் எஃபெக்ட்' என்ற இன்னொரு நெட்ஃபிளிக்ஸ் படமும் இருந்தது என்பதை மறந்துவிட்டேன். எளிதில் கிடைத்தது மட்டும் காரணமாக இருக்க முடியாது, படத்தின் ஈரமும் காரணம்தான். அந்த அளவில் என் பழைய கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

உதகை மூத்தவர்:
ஒரு புதிய செய்தியை யாரும் குறிப்பிடவில்லை. ஒரு பிரிவில் இறுதி வாக்களிக்க வேண்டுமானால் அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட படங்கள் அனைத்தையும் பார்த்திருக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் அகாதெமி விதி செய்தது, 98ஆவது விருதுகள் முதல் அது நடைமுறைக்கு வருவதாகவும் அறிவித்தது. பார்க்காதவர்களின் வாக்கு இனி இல்லை என்றால், பெயரையும் புகழையும் வைத்துச் சிறிய பிரிவுகளைக் கணித்த பழைய வழக்கம் உதவாது. நாமும் அதே ஒழுங்கைப் பின்பற்றலாம். எல்லாப் படங்களையும் பார்க்காத பிரிவைத் தாளில் வெறுமையாக விடச் சொல்லலாம்.

மசினகுடி வாசகி:
மன்னிக்க வேண்டும் ஐயா, இதை என்னால் ஒப்புக்கொள்ள இயலாது. அகாதெமி உறுப்பினருக்கு எல்லாப் படங்களும் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. எனக்கு அப்படியல்ல. பிறமொழிப் படப் பிரிவில் உள்ள ஐந்தில் இரண்டு கிடைத்தாலே பெரிது. மலையில் இருக்கும் திரையரங்குகளுக்கு இவை வருவதில்லை, ஒரு படத்துக்காகக் கோவைக்கு இறங்கினால் அன்றிரவே ஊர் திரும்ப வழியில்லை. ஜனவரிக் கெடு வைத்தாலும் இதே தடைதான், ஏனென்றால் பல படங்கள் என் கைக்கு எட்டுவதே பிப்ரவரியில்தான். இரண்டு விதிகளும் சேர்ந்தால், நகரத்தில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் மட்டும் போட்டியிடும் நிலை வந்துவிடும்.

கோத்தகிரிப் பார்வையாளன்:
இந்தக் கோணத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை. படம் பார்ப்பவருக்கு மதிப்பு வேண்டும் என்று நான் கொண்டுவந்த விதி, படம் பார்க்கக் கூடுதல் நாள் தேவைப்படுபவரையே தள்ளிவிடும் என்றால் அது தவறான விதி. கடைசி நாள் விழாவுக்கு முந்தைய இரவாகவே இருக்கட்டும், உதகை ஐயா சொன்ன வெற்றிட விதியும் வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் விடமாட்டேன்: குறைந்தது மூன்று பிரிவுகளிலாவது, ஏன் அந்தப் பெயர் என்று இரண்டு வரி எழுத வேண்டும். சங்க விருதைக் காரணமாகக் காட்டினாலும் சரி, அதைத் தம் சொற்களில் காட்டட்டும். என் தாளை மட்டும் பட்டியல் வந்த ஏழாம் நாளே அனுப்பிவிடுவேன், பிறகு அதில் ஓர் எழுத்தையும் மாற்றமாட்டேன்.

குன்னூர்க் கணக்கர்:
காரணம் எழுதுவதை ஏற்கிறேன், ஆனால் அதற்கு மதிப்பெண் தரக் கூடாது, ஏனெனில் யாருடைய காரணம் சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல நம்மில் ஒருவருக்கும் உரிமை இல்லை. நான் வழக்கம்போல் பாஃப்டா, நடிகர் சங்க முடிவுகள் வரும் வரை காத்திருப்பேன். உங்கள் தாளும் என் தாளும் எத்தனை பிரிவுகளில் வேறுபடுகின்றன, அவற்றில் யார் சொன்னது நடந்தது என்பதை விழா முடிந்த அன்று மாலை இங்கேயே பிரிவு வாரியாக எழுதிவிடலாம்.

மசினகுடி வாசகி:
ஆவணக் குறும்படப் பிரிவுக்கான காரணத்தை நான் முதலில் எழுதுகிறேன். இந்த முறை படங்களைப் பார்த்த பிறகு, மற்ற விருதுகளின் முடிவையும் பார்த்துவிட்டு எழுதுவேன்.