பெலும் குகைக்குள் இறங்கப் போகிறீர்களா? வேலூர்ப் பக்கத்தவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை, ஊர் ஊராகப் பலர் எழுதியவை

ராணிப்பேட்டையிலிருந்து

வள்ளிமலை, ஆர்மாமலை, மகேந்திரவாடி எல்லாம் பார்த்துப் பழகியவர்கள் "குகைதானே" என்று செருப்போடு கிளம்பிவிடுகிறார்கள். மகேந்திரவாடியில் இருப்பது ஒற்றைப் பாறையை உளியால் குடைந்த கோயில். வள்ளிமலையும் ஆர்மாமலையும் சமணர்கள் தங்கிய மலை ஒதுங்கிடங்கள். நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும், வாசல் வெளிச்சம் முதுகில் விழும். ஆந்திராவில் இருக்கிற பெலும் முற்றிலும் வேறு, அது நிலத்தடிச் சுண்ணாம்புக் குகை. மேலே பார்த்தால் சமதளமான வயல்வெளி, அதில் கிணறு மாதிரி பள்ளம். படியில் ஏறக்குறைய 20 மீட்டர் கீழே போன பிறகுதான் குகை கிடைமட்டமாக நீள ஆரம்பிக்கும். அளந்த மொத்த நீளம் 3,229 மீட்டர். அதில் நமக்குத் திறந்திருப்பது சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர். ஆழமான இடம் பாதாள கங்கை என்ற நிலத்தடி நீரோடை, நுழைவாயில் மட்டத்திலிருந்து 46 மீட்டர் கீழே.

போன மாதிரியே திரும்பி ஏற வேண்டும் என்பதை இறங்கும்போது யாரும் நினைப்பதில்லை. பாதாள கங்கைப் பக்கம் பாதை குறுகும், ஈரம் கூடும், படி செங்குத்தாகும். கூட்டத்தில் யாராவது மூச்சு வாங்கி உட்கார்ந்தால் பின்னால் வருகிறவர்களும் நிற்க வேண்டியதுதான். அதனால் வழிகாட்டியிடம் முதலிலேயே கேளுங்கள்: "கடைசி இறக்கம் வரை எல்லாரும் வரணுமா, பாதியில் நிற்க இடம் இருக்கா?" குழுவில் தெம்பு குறைந்தவர்களை அகலமான மண்டபத்தில் துணையோடு உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் போய் வருவதுதான் நல்ல ஏற்பாடு. தனியாக மட்டும் யாரையும் விடாதீர்கள். கிளை வழிகள் நிறைய. விளக்கு போட்ட பாதையை விட்டு நாலடி நகர்ந்தாலே எந்தப் பக்கம் வந்தோம் என்பது குழம்பிவிடும்.

தலையை எண்ணும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். அவர் கடைசியில் வரட்டும். வழிகாட்டி முன்னால் இருப்பார், பின்னால் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

ஆரணியிலிருந்து

பாறையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால் உள்ளே பார்ப்பது புரியும். நம்ம வீட்டு அலமாரிக்கும் சமையல் மேடைக்கும் போட்டிருக்கிற கடப்பா கல் இருக்கிறதே, அது அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைதான். பெலும் குகை உருவானதும் அதே இனத்துக் கருஞ்சுண்ணாம்புப் பாறையில். கடப்பா மேடையில் எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்தால், காலையில் வட்டமாக ஒரு வெளிறிய தடம் இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது கறை இல்லை. புளிப்பு கல்லை அரித்த இடம் அது. விரலால் தடவினால் பளபளப்புப் போய்ச் சொரசொரப்பாக இருக்கும்.

குகையில் நடந்ததும் இதுவே, மிக மிக மெதுவாக. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறை விரிசலில் புகுந்து சுண்ணாம்பைக் கரைக்கிறது. விரிசல் வாய்க்காலாகிறது, வாய்க்கால் வழியாக நிலத்தடியில் நீர் ஓடுகிறது. நீர்மட்டம் கீழே போன பின் மிஞ்சுவது குகை. கருங்கல்லை இந்த லேசான அமிலத்தால் இப்படிக் கரைக்க முடியாது. வேலூர்க் கோட்டையைச் சுற்றி இத்தனை மலை இருந்தும் இந்த மாதிரிக் குகை நமக்கு ஏன் இல்லை என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

உள்ளே போனதும் சுவரைக் கவனியுங்கள். ஓடும் நீர் செதுக்கிய குகைகளில் சிப்பி வடிவில் குழிகள் வரிசையாக இருக்கும். குழி சின்னதாக இருந்தால் நீர் வேகமாக ஓடியிருக்கிறது, பெரிதாக இருந்தால் மெதுவாக. செங்குத்தாக வெட்டினாற்போல் இருக்கிற விளிம்பு நீர் வந்த திசையைக் காட்டும், சரிவான பக்கம் போன திசையை.

அடுத்து கல்விழுதும் கல்முளையும். கூரையில் கசிந்து நிற்கிற துளியிலிருந்து கரியமில வாயு வெளியேறியதும் கரைந்திருந்த சுண்ணாம்பு துளியின் விளிம்பில் வளையமாகப் படிகிறது. வளையத்தின் மேல் வளையம் என்று, ஆரம்பத்தில் அது உறிஞ்சுகுழல் மாதிரி உள்ளே வெற்றாகத்தான் வளரும். துளை அடைத்துக்கொண்ட பிறகு நீர் வெளிப்பக்கமாக வழிந்து விழுது தடிக்கும். கீழே விழுந்த துளி கட்டுவது கல்முளை. இரண்டும் சேர்ந்தால் தூண். வளர்ச்சி சராசரியாக ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில். இடத்தைப் பொறுத்து கூடும், குறையும். ஒரு விரல் நீளத் துண்டை உடைத்துப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர் நூற்றுக்கணக்கான வருடத்து வேலையைக் கெடுக்கிறார். கோபத்தோடுதான் சொல்கிறேன்.

தொடாதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. கையில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடத்தில் புதுச் சுண்ணாம்பு சரியாகப் படியாது. அழுக்கேறிக் கறுத்துப்போகும். பாதையோரமாகக் கைக்கு எட்டுகிற உயரத்தில் மட்டும் கறுத்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். விளக்கைச் சுற்றிப் பச்சையாகப் படர்ந்திருந்தால் அது பாசி. சூரிய ஒளியே வராத இடத்தில் நாம் போட்ட மின்விளக்கை நம்பி வளர்கிறது.

சப்தஸ்வர குகை என்ற பகுதியில் விழுதுகளைத் தட்டினால் ஓசை வரும். வழிகாட்டி தட்டிக் காட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். நாமும் தட்டிப் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு தட்டும் தேய்மானம்தான்.

சத்துவாச்சாரியிலிருந்து

குகை என்றாலே ஜில்லென்று இருக்கும் என்ற நினைப்பை விட்டுவிட்டுப் போகணும். ஆழமான குகைக்குள் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். மேகாலயாவில் அது குளிர், ராயலசீமாவில் அது புழுக்கம். பெலும் உள்ளே காற்றில் ஈரம் மிக அதிகம். வியர்வை வரும், ஆனால் காயாது, அதனால் உடம்பு ஆறாது. வேலூர் மே மாத வெயிலைத் தாங்குகிற நமக்கு இது புது மாதிரிக் கஷ்டம். நம்ம ஊர் வெயில் வறட்சியானது, நிழலில் நின்றால் வியர்வை காய்ந்துவிடும். அங்கே நிழல் மட்டும்தான், காய்வது கிடையாது.

உள்ளே காற்று செலுத்தக் குழாய் போட்டிருக்கிறார்கள். அந்த வாய்க்குப் பக்கத்தில் நின்று இளைப்பாறலாம். தாழ்வான மூலைகளில் அதிக நேரம் உட்கார வேண்டாம். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். கூட்டம் விடுகிற மூச்சும் சேரும். வெளிக்காற்றில் அது 0.04 சதவீதம்தான். 3 சதவீதத்தை நெருங்கினால் மூச்சு வேகமாகும், தலை வலிக்கும். அப்படித் தோன்றினால் ஓரமாக உட்காராதீர்கள். வழிகாட்டியிடம் சொல்லி உயரமான, அகலமான இடத்துக்கு ஏறுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைப் பையில் இல்லாமல் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளணும். இதயக் கோளாறு, கட்டுக்கடங்காத பிரஷர், கர்ப்பிணிகள், லிஃப்டில் கதவு மூடினாலே படபடப்பு வருகிறவர்கள் அகலமான முதல் மண்டபத்தோடு திரும்புவது நல்லது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் இறங்கக்கூடாது, இரண்டு மிட்டாய் பையில் இருக்கட்டும். இறங்குவதற்கு அரைமணி முன்பே ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் குடித்து, கழிப்பறைக்கும் போய்விட்டு வாருங்கள். உள்ளே அதற்கு வழியில்லை.

குடியாத்தத்திலிருந்து

சத்துவாச்சாரி அக்கா சொன்னதோடு உடுப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். பருத்தி மட்டும். ஜீன்ஸ் ஈரமானால் கனக்கும், குனிய முடியாது. புடவையில் வருகிற அம்மாக்கள் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளணும். குனிந்து நடக்கும்போது முன்கொசுவம் தரையைத் தொட்டு, தன் புடவையைத் தானே மிதித்து விழுவதுதான் அடிக்கடி நடப்பது. துப்பட்டாவை இரண்டு பக்கமும் ஊக்கு குத்திவிடுங்கள். செருப்பு வேண்டவே வேண்டாம். அடியில் நல்ல வரி வெட்டுள்ள ரப்பர் ஷூ போதும். அடி தேய்ந்த ஷூவும் செருப்பும் ஒன்றுதான். ஈரச் சுண்ணாம்புக் களிமண் சோப்பு மாதிரி வழுக்கும்.

முதுகுப் பையை இடுக்கில் மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். முதுகில் இருந்தால் அதன் உயரம் நமக்குத் தெரியாது, கூரையில் உரசும். முன்விளிம்பு வைத்த தொப்பி போட்டால் மேலே தாழ்கிற பாறை கண்ணுக்குப் படாது. நெற்றியில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். ஹெல்மெட் கொடுக்கிற குகைகளில் தாடைப் பட்டையைப் பூட்டாமல் போட்டுக்கொள்வதில் பயனில்லை.

வழிகாட்டிகள் தெலுங்கில் சொல்வார்கள், இந்தியும் வரும். தெலுங்கு தெரிந்த குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி ஆட்கள் யாராவது கூட்டத்தில் இருந்தால் மொழிக் கவலை இல்லை. அவரை வழிகாட்டிக்கு அடுத்தபடி நடக்க விடுங்கள். பத்துப் பேருக்கு மேல் போனால் கடைசி ஆளுக்குக் குரல் எட்டாது, எதிரொலியில் கலந்துவிடும்.

ஆற்காட்டிலிருந்து ஒரு கேள்வி

அம்மாவுக்கு அறுபத்தைந்து, முழங்கால் வலி உண்டு. பிள்ளைகளுக்கு ஆறும் ஒன்பதும். கூட்டிப் போகலாமா?

ராணிப்பேட்டையிலிருந்து

போகலாம் தம்பி. முதல் படிக்கட்டுதான் அம்மாவுக்குச் சோதனை. கைப்பிடிப் பக்கம் அவர் இருக்கட்டும், நீங்கள் ஒரு படி கீழே நின்று இறங்குங்கள். ஏறும்போது ஒரு படி பின்னால். கீழே சிம்மத்துவாரம், கோடிலிங்கம் என்கிற பகுதிகளைப் பார்த்தாலே மனசு நிறையும். பாதாள கங்கையை அவருக்கு விட்டுவிடலாம். ஒன்பது வயதுக்காரர் நடப்பார். ஆறு வயதுப் பிள்ளையைத் தோளில் ஏற்றாதீர்கள், கூரையில் இடிக்கும். நடத்திக் கூட்டிப் போய், களைத்தால் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் இருட்டு முழு இருட்டாக இருக்கும் என்று இரண்டு பேருக்கும் முன்பே சொல்லி வையுங்கள். பெரியவர் ஒவ்வொருவரிடமும் டார்ச் இருக்கட்டும். விளக்கு அணைந்தால் எல்லாரும் நின்ற இடத்திலேயே நிற்பது, டார்ச் போடுவது, வழிகாட்டி குரல் கொடுத்த பிறகு நகர்வது. இந்த வரிசை மாறக்கூடாது.

வாலாஜாவிலிருந்து

போட்டோ எடுக்கிறவர்களுக்கு. ஏசி காரிலிருந்து நேரே இறங்கினால் லென்ஸ் முழுக்க நீர்த்துளி படியும், துடைத்தாலும் மறுபடி படியும். காரணம் லென்ஸ் குளிர்ந்திருப்பது. கேமராவையும் போனையும் இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே ஏசியிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்கும் இதேதான். ஃபிளாஷ் போட்டால் காற்றில் இருக்கிற ஈரம் வெள்ளைப் புள்ளியாக விழும். அங்கிருக்கிற வண்ண விளக்கு பாறையின் சொந்த நிறத்தை மறைத்துவிடுகிறது, எனக்கு அது பிடிப்பதில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் சுவரின் மேடுபள்ளம் நன்றாக விழும். வௌவால் இருக்கிற இடத்தில் டார்ச்சை மேலே அடிக்கவே கூடாது.

காட்பாடியிலிருந்து

வழி: ராணிப்பேட்டையில் தொடங்கிக் கர்னூல் போகிற தேசிய நெடுஞ்சாலை 40. வேலூர்க்காரர்கள் சித்தூரில் அதைப் பிடிக்கலாம். பீலேரு, ராயச்சோட்டி, கடப்பா. பிறகு ஜம்மலமடுகு வழியாக கொலிமிகுண்ட்லா, அதன் பக்கத்தில் பெலும். இப்போது நந்தியால் மாவட்டம். ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ராயச்சோட்டிக்கும் கடப்பாவுக்கும் நடுவே குவ்வலசெருவு மலைப்பாதையில் லாரி அதிகம், இருட்டில் அதைத் தவிர்க்கலாம். ரயில் என்றால் ரேணிகுண்டா–குந்தக்கல் பாதையில் தாடிபத்ரி இறங்கி 30 கிலோமீட்டர்.

குகை திறப்பது காலை 10 மணிக்கு. நள்ளிரவில் கிளம்பித் தூங்காத கண்ணோடு படி இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். முதல் நாள் கண்டிக்கோட்டையில் பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கைச் சாயங்காலம் பார்த்துவிட்டு அங்கே தங்குங்கள். காலையில் கிளம்பினால் முதல் குழுவோடு இறங்கலாம். கூட்டம் ஏறாத நேரத்தில் உள்ளே காற்றும் நன்றாக இருக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போகிற வழியும் சுகம்.

ஆரணியிலிருந்து

வரலாறு தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு: 1884-இல் இந்தக் குகையைப் பதிவு செய்தவர் பிரிட்டிஷ் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த அதே ஃபூட்தான். 1982-இலிருந்து 1984 வரை ஜெர்மானியர் டேனியல் கெபாவர் தலைமையிலான குழு முறையாக அளந்தது. உள்ளே ஒரு மண்டபத்துக்கு அவர் பெயர். ஊர்க்குப்பை கொட்டுகிற இடமாகக்கூட ஒரு பகுதி இருந்திருக்கிறது. 1999-இல் ஆந்திரச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் எடுத்து, மண்ணை அகற்றி, பாதையும் விளக்கும் போட்டு 2002-இல் திறந்தது.

பெலும் முடித்து மற்றக் குகைகளுக்குப் போக நினைக்கிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாக் குகையும் எல்லா மாதமும் திறந்திருக்காது. சத்தீஸ்கரில் காங்கேர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவில் உள்ள குடும்சர் குகைக்குள் மழைக்காலத்தில் வெள்ளம் புகும் என்பதால் அந்த மாதங்களில் மூடிவிடுவார்கள். அரக்குப் பக்கத்து போரா குகைக்கு அந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. குகைக்குப் பக்கத்திலேயே போரா குகலு என்று ரயில் நிலையமும் இருக்கிறது. வெளிச்சமும் உயரமும் அதிகம் என்பதால் இருட்டுக்குப் பயப்படுகிறவர்கள் அதை முதலில் பார்க்கலாம்.